கடல் இருக்கும் பக்கம்

ஜெபா இரண்டாவது தடவையும் பரீட்சையில் கோட்டை விட்டாள். சும்மா கோட்டை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கடலைத் தூக்கிக் குடிநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த படத்தில்தான் ஊற்றினாள், நிஜத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இடம் மாறவில்லை. ஆனாலும் பரீட்சை வைத்தவர்கள் கண்ணெதிரில் ஊற்றியது ஊற்றியதுதான்.

கடப்பாக்கத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன ஆலை ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் தண்ணீர். ஜெபா அதில் ஒன்பது வருஷமாக ஹெல்பர். பம்பைத் துடைப்பாள், ஃபில்டரைக் கழுவுவாள், கண்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கி டாக்கியில் நம்பர் சொன்னால் ஓடிப்போய் அந்த வால்வைத் திருப்புவாள். கணக்குப்படி மொத்தம் எண்பத்து நான்கு வால்வுகள். எது இறுக்கமாகத் திரும்பும், எது கடைசிச் சுற்றில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குழாய்க் கடைசியில் நின்று ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். காலையில் மீன் நீந்திக்கொண்டிருந்த தண்ணீர், மத்தியானம் தொண்டையில் இனித்தது. அவளுடைய ஆயா காலத்தில் ஊர்க் கிணற்றுக்கே அவர்களை விட மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கையால் வால்வைத் திறந்துதான் இன்றைக்கு ஊர் மொத்தத்துக்கும் தண்ணீர் போகிறது. அதை நினைத்தால் ஒன்பது வருஷம் கழித்தும் ஜெபாவுக்கு உடம்பு சிலிர்க்கும். இதை ஜெரோமிடம், அதாவது படகு எஞ்சின் பழுது பார்க்கும் அவள் புருஷனிடம், ஒருமுறை சொன்னாள். "உனுக்கு எல்லாத்துக்கும் புல்லரிக்கும்" என்றான் அவன்.

ஐ.டி.ஐ. படித்த ஹெல்பர்கள் பரீட்சையில் தேறினால் கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டராக உட்காரலாம். மூன்று தடவைதான் வாய்ப்பு. எழுத்துப் பரீட்சை கிடையாது. ஆலையின் மொத்தக் குழாய்களையும் ஒரே தாளில் கோடு கோடாக வரைந்த படம் ஒன்று மீட்டிங் ஹால் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கும். அதற்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்பார்கள். இந்தக் குழாய் வரிசை நின்றால் என்ன செய்வாய், அந்தப் பம்பு பழுதானால் எதை மூடுவாய் என்று கேட்கக் கேட்க, படத்தில் தொட்டுக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஜெபா படத்தைப் பார்த்ததுமே தலை சுற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாவது தடவை வாயைத் திறந்தாள், அதுதான் வினையாகிப்போனது. ஆலை மேனேஜர் ஹரிஹரன், "கடல்ல இருந்து வர்ற லைனை மூடுங்க" என்றார். அவள் கை சட்டென்று படத்தின் வலது கோடியில் போய் நின்றது. அங்கே இருந்தது குடிநீர்த் தொட்டி. கீழே சின்ன எழுத்தில் எழுதியும் இருந்தது. அவள் கை எழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் அதே கோளாறுதான். ஐந்தாவது பதிலில் கடல் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை கேன்டீனில் சீனு இட்லித் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் சீனியர் ஆபரேட்டர், வாய்த்துடுக்குக்காரன், ஆனால் நல்லவன்.

"இன்னா ஜெபா, சாம்பார் உப்பு கரிக்குது? நேத்து நீ ஊத்துன தண்ணியா?"

"கம்முனு துன்னு அண்ணாத்த."

"கோச்சுக்காத. ஒம்போது வருஷமா நான் நம்பர் சொல்லி முடிக்கறதுக்குள்ள வால்வு கிட்ட போய் நின்னுகினு இருப்ப. அந்தப் படத்தாண்ட போனா மட்டும் இன்னா ஆவுது உனுக்கு?"

அந்தக் கேள்விதான் ஜெபாவையும் அரித்தது. பதில் ஒன்று அவளிடம் இருக்கத்தான் செய்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வரும் பதில். மண்டையில் ஏறாது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் விளையாட்டு விழா அணிவகுப்பில் வாத்தியார் "லெஃப்ட் டர்ன்" என்று சொல்லி விசில் ஊதியபோது நாற்பது பிள்ளைகள் ஒரு பக்கம் திரும்ப, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மைதானமே சிரித்தது. பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினாள். எப்போதும் முழு மதிப்பெண் வாங்கியது ஒரே ஒரு விஷயத்தில், தமிழ்நாடு வரைபடத்தில் ஊர் குறிப்பதில். அதை யாரும் அறிவு என்று சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை.

மூன்றாவது தடவையும் போனால் இனி ஹெல்பர்தான். ஹெல்பர் வேலை ஒன்றும் கேவலமில்லை, அதற்காக அவள் அழவில்லை. முப்பத்தேழு வயதில், தான் மண்டுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடுமே, அதற்குத்தான் பயந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் பிரதீபா களத்தில் குதித்தாள். ஷிஃப்ட் எஞ்சினியர், இருபத்தெட்டு வயது, நங்கநல்லூர் ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்தவள். எதற்கும் ஒரு ஆப் வைத்திருப்பாள்.

"ஜெபாக்கா, பிரச்சினை உங்ககிட்ட இல்ல. நீங்க படிக்கிற முறைல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி இருக்கு. சில பேர் பார்த்துக் கத்துப்பாங்க, சில பேர் கேட்டு, சில பேர் கையால செஞ்சு. உங்க வழி எதுன்னு தெரிஞ்சுட்டா போதும், மிச்சம் தானா வந்துடும்."

"தானா வர்றதா இருந்தா இத்தினி நாளு எங்க மேடம் போயிருந்துது?"

பிரதீபா விடவில்லை. போனில் பதினாறு கேள்விகள். புது இடத்துக்கு வழி கேட்டால் வரைபடம் வேண்டுமா, வாயால் சொல்ல வேண்டுமா? பாட்டு கேட்டால் வரி நினைவிருக்குமா, மெட்டு நினைவிருக்குமா? ஜெபா ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துத் தொட்டாள். கடைசியில் முடிவு வந்தது. பார்வை முப்பத்து நான்கு சதவீதம், காது முப்பத்து மூன்று, கை முப்பத்து மூன்று.

"மூணுமே சமமா வந்துருக்கே" என்று பிரதீபா முழித்தாள்.

"மூணுமே இல்லன்னு சொல்லுது மேடம். மரியாதையா சொல்லுது."

சரி, மூன்றையும் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். முதலில் கண். பிரதீபா படத்தில் கடல்நீர்க் குழாய்க்கு நீலம், நல்ல தண்ணீருக்குப் பச்சை, கடலுக்கே திரும்பிப் போகும் கழிவுநீருக்குச் சிவப்பு என்று வண்ணம் அடித்துக் கொடுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, தலைசுற்றலுக்குக் கலர் வந்ததுதான் மிச்சம். அடுத்தது காது. எண்பத்து நான்கு வால்வுகளையும் பிரதீபா தன் குரலில் பதிவு செய்து அனுப்பினாள். ஜெபா அதை ஈ.சி.ஆர். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு வந்தாள். பதினேழாம் நம்பரில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, ஐம்பத்தொன்றில் விழித்தாள்.

மூன்றாவது கை. "படத்தைப் பார்க்காம நீங்களே வரைங்க" என்றாள் பிரதீபா.

கண்ட்ரோல் ரூமை அடுத்த சின்ன அறையில் உட்கார்ந்து வரைந்தாள் ஜெபா. அந்த அறைச் சுவரிலும் அதே படம் சின்ன அளவில் மாட்டியிருந்தது, பிரதீபா அதை ஒரு துண்டால் மூடி வைத்தாள். ஜெபா ஒரு மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். பென்சில் எங்கும் தடுமாறவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்கூட இருந்தது.

பிரதீபா தாளை வாங்கிப் பார்த்தாள். கடல் வலது பக்கம் இருந்தது. தொட்டி இடது பக்கம் இருந்தது. மேலே இருக்க வேண்டிய முதல் வரிசை கீழே கிடந்தது. பாவம், அவள் என்ன செய்வாள், கையில் சிவப்புப் பேனா வேறு. தாளின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"எல்லாமே தலைகீழா இருக்குக்கா."

வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. "நான்தான் சொன்னேனே மேடம்" என்றாள் ஜெபா. தாளை மடித்துப் பிரதீபாவின் ஃபைலிலேயே செருகிவிட்டு ஃபில்டர் கழுவப் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ஜெரோமிடம், மூன்றாவது பரீட்சைக்குப் போகப்போவதில்லை என்றாள். அவன் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தான்.

பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது. ஒரு மத்தியானம் ஜெபா கடலோரம் பம்பு வீட்டில் இருந்தாள். பிரதீபா கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, இன்சுலேஷன் டேப் எங்க வெச்சிருக்கீங்க? அலமாரியத் தொறந்துட்டேன்."

"மேல் தட்டுல, வடக்கு ஓரமா கீது மேடம்."

"வடக்கு ஓரமாவா? அலமாரிக்குள்ளயா?"

"ஆமா. ஸ்பானருக்குத் தெக்கால பாக்காதீங்க, அது காலி டப்பா. வடக்கால."

பிரதீபா போனில் திசைகாட்டி ஆப்பைத் திறந்து, அலமாரிக்குள் கையை நீட்டி, முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் டேப்பை எடுத்தாள். ஜெபா திரும்பி வந்ததும் அதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வடக்கு எதுன்னு தெரியாமலா மேடம் எஞ்சினியருக்குப் படிச்சீங்க?"

"உங்களுக்கு எப்பவும் தெரியுமா?"

"இது இன்னா கேள்வி? எங்க ஊர்ல பந்தியில உக்கார்ந்தா, 'அந்த ரசத்தக் கொஞ்சம் மேக்கால தள்ளு'ன்னுவாங்க. புள்ளைக்குக் கன்னத்துல சோறு ஒட்டிகினு இருந்தா, 'தெக்காலக் கன்னம்'னுவாங்க. சோத்துக்கை, பீச்சாங்கைன்னு யோசிச்சாத்தான் எனுக்குக் குழம்பும்."

பிரதீபா அவளையே பார்த்தாள். அந்தச் சின்ன அறையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. "இதுல உக்காருங்கக்கா. கண்ண மூடிக்கோங்க" என்றாள்.

"இன்னா மேடம், புது ஆப்பா?"

"உக்காருங்களேன்."

கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் கிடையாது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பிரதீபா நாற்காலியை மெதுவாக ஒரு சுற்றும் கொஞ்சமும் திருப்பி நிறுத்தினாள். "கடல் எங்க?"

ஜெபா கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினாள். பிரதீபா போனைப் பார்த்தாள். நேர்க் கிழக்கு. மறுபடி, எதிர்ப்புறமாக இரண்டு சுற்று. "இப்ப?" கை நீண்டது. நேர்க் கிழக்கு. இன்னொரு முறை, முக்கால் சுற்று, அரைச் சுற்று, திரும்பக் கால் சுற்று என்று கண்டபடி திருப்பினாள். கை யோசிக்கவே இல்லை. முள் எங்கே நின்றதோ அங்கேதான் ஜெபாவின் விரலும் நின்றது.

பிரதீபாவுக்குக் கையில் ரோமம் எழுந்து நின்றது. அவள் இதுவரை யாரிடமும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எதிரில் இருக்கும் பெண்ணுக்கோ அது மூச்சு விடுவது மாதிரி.

"எப்படிக்கா? அலைச் சத்தம் கேக்குதா?"

"எதுக்குக் கேக்கணும்? கடலு அங்கதான கீது, அது எங்க போவப் போவுது?" என்றபடி ஜெபா கண்ணைத் திறந்தாள்.

நாற்காலி சுவர்ப் படத்துக்கு நேராக நின்றிருந்தது. அவள் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. விரல் நுனி படத்தின் வலது கோடியைத் தாண்டி, கிழக்கே, நிஜக் கடலைக் காட்டியது. படத்திலோ கடல் இடது கோடியில் இருந்தது.

ஜெபா கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். கையை இறக்கத் தோன்றவில்லை.

"மேடம்" என்றாள். "இந்தப் படத்துல கடலு மேக்கால கீது."

பிரதீபாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்தச் சுவர் வடக்குச் சுவர். அதைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் கிழக்கு. படம் வரைந்தவர் எந்த ஊரிலோ உட்கார்ந்து, எல்லாப் படமும் இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்ற வழக்கப்படி கடலை இடக்கோடியில் போட்டுவிட்டார். மற்றவர்களுக்கு அது வெறும் தாள், கடல் எந்தக் கோடியில் இருந்தால் என்ன? ஜெபாவுக்குத் தாள் என்று தனியாக ஒன்று கிடையாது. அவள் நிற்கும் தரைதான் தாளும். கிழக்குக் கடற்கரையில் பிறந்த ஒருத்தியைப் பிடித்து நிறுத்தி, சூரியன் மறையும் பக்கம் கடல் இருப்பதாகப் பாடம் நடத்தினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

பிரதீபா ஓடிப்போய் ஃபைலைக் குடைந்து அந்தத் தாளை எடுத்தாள். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட தாள். சுவரிலிருந்த படத்தையும் கழற்றி மேஜையில் போட்டாள். அதன் பக்கத்தில் ஜெபாவின் தாளை வைத்து, மெல்ல, தலைகீழாகத் திருப்பினாள்.

இரண்டும் ஒன்றாக இருந்தன. கடலிலிருந்து வரும் குழாய், மூன்று வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஏழு ஏழு வால்வு, கழிவுநீர் வளைந்து கடலுக்கே திரும்பும் இடம், தொட்டிக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னச் சுற்றுவழிகூட. எண்பத்து நான்கையும் பிரதீபா விரல் வைத்து எண்ணினாள். ஒன்று குறைந்தது.

"முப்பத்தெட்டு மட்டும் விட்டுட்டீங்கக்கா" என்றாள் மெதுவாக. "மத்ததெல்லாம் சரி. எல்லாமே சரி. நான்தான்... சாரிக்கா. இதுக்கு மேல போய்க் கோடு போட்டேன்."

ஜெபா அழுதாள். துக்கத்தில் அழவில்லை. மைதானத்தில் நாற்பது பேருக்கு எதிராகத் திரும்பி நின்ற அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை நினைவுக்கு வந்தாள். "கிழக்கே திரும்பு" என்று மட்டும் அந்த வாத்தியார் சொல்லியிருந்தால் அத்தனை பேரிலும் அவள்தான் முதலில் திரும்பியிருப்பாள். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளையை அவளும் சேர்ந்தல்லவா மண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்! மூளைக்குள் ஒரு மூலையில் இவ்வளவு பெரிய ஆலை, ஒரு கோடு பிசகாமல், அவளுக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நினைக்க அவளுக்குக் கோயிலில் நிற்பதுபோல் பயம் கலந்த ஒரு மகிழ்ச்சி வந்தது.

"உங்க பதினாறு கேள்வியில, எந்தப் பக்கம் பாத்து உக்கார்ந்துகினு படிப்பேன்னு ஒரு கேள்வி இல்லியே மேடம்" என்றாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி.

அப்புறம் பத்து நாள் படிப்பு வேறு மாதிரி நடந்தது. படத்தை எதிர்ச் சுவரில், தெற்குச் சுவரில் மாட்டினார்கள். தெற்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் கிழக்கு. கடல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. மேலே இருக்கும் முதல் வரிசை, நிஜத்தில் ஆலையின் தென்கோடியில் இருப்பது, அதுவும் எதிரே தூரத்தில் போய் நின்றுகொண்டது. தலைசுற்றல் நின்றது. அந்த பஸ் ஒலிப்பதிவைக்கூட ஜெபா திரும்பக் கேட்டாள். இப்போது ஒவ்வொரு நம்பரும் காதில் விழும்போது கால் அந்த இடத்துக்கு நடந்து போனது. நீலமும் பச்சையும் சிவப்பும்கூட உதவின. கண்ணும் காதும் கையும் எப்போதும் வேலை செய்யத்தான் தயாராக இருந்திருக்கின்றன, நிற்க இடம் கிடைக்காமல் தவித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பரீட்சை வெள்ளிக்கிழமை. மீட்டிங் ஹாலில் ஹரிஹரனோடு தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பிரதீபா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சீனு டீ கொண்டுவருகிற சாக்கில் உள்ளே வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஆளுயரப் படம் சட்டம் போட்டு ஆணி அடித்துச் சுவரில் நின்றது. அதுவும் வடக்குச் சுவர். கழற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது. இதை எப்படி மறந்தோம் என்று பிரதீபா நகத்தைக் கடித்தாள்.

ஜெபா படத்துக்கு முன்னால் போனாள். ஒரு தடவை அதைப் பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, தெற்கே பார்த்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"படம் பின்னாடி இருக்கும்மா" என்றார் ஹரிஹரன்.

"தெரியும் சார். நீங்க அதப் பாருங்க, நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க."

தலைமை அலுவலகத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிஹரன் தோளைக் குலுக்கினார். "சரி. ரெண்டாவது வரிசையை மட்டும் நிறுத்தணும். மத்த ரெண்டும் ஓடணும். எந்தெந்த வால்வு, எது முதல்ல?"

ஜெபாவின் இடக்கை எழுந்து கடலைத் தொட்டது. "தண்ணி இங்கருந்து வருது சார்." கை மெல்ல நகர்ந்தது. "பம்பத் தாண்டி ஃபில்டரு. அங்க மூணாப் பிரியுது. நடுவால போறது நம்மளுது. மொதல்ல பிரஷர் பம்ப நிறுத்தணும், வால்வத் தொடக் கூடாது. பிரஷரு எறங்குனதும் இருபத்து நாலு மூடணும். அப்புறம் இருபத்தேழு, இது நல்ல தண்ணி போற வழி. கடைசியில இருபத்தொம்போது, கழிவு." இரண்டு கைகளும் காற்றில் குழாய் வளைந்த இடத்தில் வளைந்தன, பிரிந்த இடத்தில் பிரிந்தன. அவள் நின்ற இடத்தைச் சுற்றி ஆலையே எழும்பி நிற்பது மாதிரி இருந்தது. டீத் தட்டோடு நின்ற சீனு தன்னையறியாமல் ஓரடி விலகினான், குழாயில் இடித்துக்கொள்ளப் போகிறவன் மாதிரி.

ஹரிஹரன் மேஜையிலிருந்த படத்தின் நகலில் பேனாவால் தொடர்ந்துகொண்டே வந்தார். பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை. இரண்டாவது கேள்வி, மூன்றாவது, ஏழாவது. கேள்விகள் கஷ்டமாகிக்கொண்டே போயின, அவருடைய குரல் தாழ்ந்துகொண்டே வந்தது.

"கடைசிக் கேள்வி. மூணாவது வரிசையில் கழிவு லைன் அடைச்சுக்கிச்சு. முப்பத்தெட்டாம் நம்பரைத் திறந்தா என்ன ஆகும்?"

ஜெபாவின் கை அந்த இடத்துக்குப் போய் நின்றது. நெற்றி சுருங்கியது. வரைந்த தாளில் அவள் விட்டிருந்த அதே ஒரு வால்வு.

"அத தொறக்க முடியாது சார்."

"ஏன்? படத்துல இருக்கே."

"படத்துல கீது, தரையில இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி துரு புடிச்சு ஒழுகிச்சு. நானும் சீனு அண்ணாத்தயும்தான் கழட்டிட்டு மூடி போட்டோம். படத்துல யாரும் மாத்தல."

எல்லாரும் சீனுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தட்டைப் பிடித்தபடியே தலையாட்டினான். ஹரிஹரன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, ஒரு காரியம் செய்தார். எழுந்து போய் ஜெபாவின் பக்கத்தில் நின்று, அவளைப் போலவே தெற்கே திரும்பி, கண்ணை மூடிக்கொண்டார். பத்து விநாடி அப்படியே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. "எனக்குத் தாள் வேணும். உங்களுக்கு இது எப்படித் தெரியுதுன்னு எனக்குப் புரியல. ஆனா தெரியுது."

கொஞ்சம் பொறுத்து, மேனேஜர் புத்தி திரும்பி வந்தது. "ஒரு விஷயம் மட்டும் இடிக்குது. கண்ட்ரோல் ரூம் ஸ்க்ரீன் எல்லாம் வடக்குப் பக்கம்தான் இருக்கு. அதுலயும் கடல் இடது பக்கம்தான். அலாரம் அடிக்கும்போது நீங்க முதுகைக் காட்டிட்டு உட்கார முடியாதே. என்ன செய்வீங்க?"

நியாயமான கேள்வி. பிரதீபாகூட இதை யோசித்திருக்கவில்லை.

ஜெபா கண்ணைத் திறந்தாள். "படத்தத்தான் சார் ஆணி அடிச்சிருக்கீங்க. ஸ்க்ரீனு மேஜை மேலதான கீது?" என்றாள். "மேஜைய அந்தாண்டத் திருப்பிப் போட நாலு ஆளு போதும். ஒயரு மட்டும் கொஞ்சம் நீட்டணும். நான் அளந்து பாத்துட்டேன், எட்டடி."

அடுத்த பராமரிப்பு நாளில் மேஜைகளைத் திருப்பிப் போட்டார்கள். தூக்கும்போதெல்லாம் சீனு புலம்பினான். பதினொரு வருஷம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து கழுத்து செட் ஆகிவிட்டதாம், ஒருத்திக்காக ஊரே திரும்ப வேண்டியிருக்கிறதாம், இனிமேல் சாப்பாட்டு டப்பாவையும் தெற்கே பார்த்துத்தான் திறக்க வேண்டுமா என்று கேட்டான். புலம்பினாலும் கனமான மேஜையின் கனமான முனையை அவன்தான் பிடித்தான்.

ஜெபா ஆபரேட்டராக உட்கார்ந்து ஒன்பதாவது நாள் காலை ஷிஃப்ட். அலாரம் ஒன்று கத்தியது. கடலோரப் பம்பில் பிரஷர் இறக்கம். அவள் கை போய்ச் சேர்வதற்கு முன்னால், பக்கத்து நாற்காலியிலிருந்த சீனுவின் கை போய்விட்டது. பம்பை மாற்றிவிட்டு, அவன் தன் கையையே உற்றுப் பார்த்தான். அவனும் இந்தக் கரைக்காரன்தான், கோவளத்தில் பிறந்தவன்.

"ஜெபா."

"இன்னா அண்ணாத்த?"

"யாராண்டயும் சொல்லாத. பதினோரு வருஷமா அலாரம் அடிச்சா நான் ஒரு செகண்டு முழிப்பேன். கடலு எந்தாண்டன்னு ஒரு செகண்டு. வயசாயிடுச்சு, மண்ட மழுங்கிப் போச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன். இப்ப முழிக்கல."

ஜெபாவுக்கு அவனைச் சீண்ட ஆயிரம் வார்த்தை வாய்வரை வந்து நின்றது. இந்தக் கரையில் இன்னும் எத்தனை பேர் ஒரு செகண்ட் முழித்துவிட்டுத் தங்களை மண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. வாக்கி டாக்கியை எடுத்து, பம்பு வீட்டிலிருந்த புது ஹெல்பர் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"சிநேகா, ஓடுற பம்புக்கு வடக்கால நில்லு. கெழக்கப் பாத்துகினு நில்லு. கடலு தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அவ்ளோதான். இப்ப சொல்றேன் கேளு" என்று ஜெபா ஆரம்பித்தாள்.